தொப்பம்பள்ளத்து நால்வர் சுக்குக் காபி போட்ட வரலாறு

தொப்பம்பள்ளம் என்ற ஊர் எங்கே இருக்கிறது என்பதில் சொல்வோர் ஒருமித்ததில்லை. காங்கயத்துக்கு மேற்கே என்பார் சிலர். பல்லடத்துக்குத் தெற்கே என்பார் சிலர். தம் ஊருக்கு அடுத்த ஊர் என்பார் எல்லோரும். அவ்வூரில் நான்கு பங்காளிகள் இருந்தார்கள், அவர்களிடம் ஒரு வேன் இருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுக்கு வெந்நீர் தேவைப்பட்டது. இம்மூன்றிலும் எந்தப் பாடத்திலும் வேறுபாடு இல்லை.

மூத்தவர் சென்னியப்பன். அடுத்தவர் மாரப்பன். மூன்றாமவர் நாச்சிமுத்து. கடைசியானவர் குழந்தைவேல், பெயரில்தான் குழந்தை, வயது முப்பத்தாறு. இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையானாலும் நான்காகப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒருவர் பங்கில் மற்றவர் கை வைக்க மாட்டார். ஒருமுறை தேங்காய் பறிக்கையில் மரம் ஏறுவது மாரப்பன் பங்காகவும் காயைத் திருகுவது நாச்சிமுத்து பங்காகவும் அமைந்தது. திருகுகிறவருக்கு ஏறும் உரிமை இல்லாததால், ஏறுகிறவர் அவரை முதுகில் சுமந்துகொண்டு ஏறினார். இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. சண்டையே வராமல் காய் இறங்கியது என்பதை அவர்களும் மறுத்ததில்லை.

குழந்தைவேலுக்கு ஒன்பது இடத்தில் பெண் பார்த்து ஒன்பதும் தட்டிப்போயிற்று. பத்தாவது இடம் பூங்கோதை. ஒரு சீர் வீட்டுப் பந்தியில் இருவரும் எதிரெதிர் இலையில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்தபடியே அப்பளம் என்று எண்ணி வெற்றிலையைப் பாயசத்தில் நொறுக்கப் பார்த்தார்கள். அன்றைக்கே மனம் ஒத்துவிட்டது. பாக்கி இருந்தது பெண்ணின் தகப்பனார் தெய்வசிகாமணியின் சம்மதம் ஒன்றுதான்.

தெய்வசிகாமணி ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஊர் ஊராகப் போய், “தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிங்க” என்று சொல்லிவந்தவர். மாப்பிள்ளை வீட்டார் வேனிலேயே கட்டில், அடுப்பு, பாத்திரம் எல்லாம் வைத்துக்கொண்டு மலை மலையாகத் தங்கி வருகிறார்கள், வீடு தோற்றது போங்கள் என்று தரகர் அளந்துவிட்டிருந்தார். அதைக் கேட்டவர் குழந்தைவேலை நேரில் அழைத்தார்.

“ஏனப்பா, வண்டியிலயே குடித்தனம் பண்றீங்களாமே? வர்ற ஞாயித்துக்கிழமை எஸ்டேட்டுல இருக்கற என்ற தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வழியில குறிஞ்சிப்பள்ளம் ஏரிக்கரைல வண்டிய நிறுத்தி வையுங்க. காலைல ஏழரைக்கு வருவேன். ஒரு டம்ளர் சுக்குக் காபி. நல்லாக் கொதிச்ச தண்ணியில போட்டது. அது என்ற கைக்கு வந்தா பொண்ணு உங்க வீட்டுக்கு. வரலீன்னா காரைத் திருப்பிருவேன்.”

“வந்துருமுங்க மாமா,” என்றார் குழந்தைவேல்.

சனிக்கிழமை மாலையே நால்வரும் மலையேறி ஏரிக்கரையில் வேனை நிறுத்தினார்கள். அடுப்பு மூட்டிக்கொள்ள அங்கே அனுமதியும் இருந்தது. பெண் வீட்டார் வரும்போது வண்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்று தரகர் சொல்லியிருந்தார். அவர்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் பளபளப்புக் குறையக் கூடாதே என்று வேனைச் சுற்றிச் சீரியல் பல்பு கட்டி, வண்டி பேட்டரியிலிருந்து விடிய விடிய எரியவிட்டுப் படுத்தார்கள்.

காலை ஐந்தரைக்கு எழுந்ததும் முதல் வேலையாகப் பங்கு பிரித்தார்கள்.

“நெருப்பு என்ற பங்கு,” என்றார் சென்னியப்பன். “தண்ணி மாரப்பனுது. பாத்திரம் நாச்சிமுத்துது. மூடி குழந்தைவேலுது. மாப்பிள்ளைக்குப் பாரமான வேலை ஆகாது.”

“சரிங்கண்ணா. அப்ப கொதி யாரு பங்கு?” என்றார் மாரப்பன்.

நால்வரும் ஏரியைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்கள். நெருப்பில்லாமல் கொதி இல்லை. தண்ணீர் இல்லாமலும் இல்லை. பாத்திரம் இல்லாவிட்டால் அது நிற்க இடம் ஏது என்றார் நாச்சிமுத்து. கடைசியில் சென்னியப்பன் தீர்ப்புச் சொன்னார்.

“பொறக்காத கொதிக்கு இப்பவே எதுக்குடா வழக்கு? வரட்டும். வந்து, மொதல்ல யாருகிட்ட மொகங்காட்டுதோ அவனுது.”

முதலில் கெட்டிலை எடுத்தார்கள். வேனில் உள்ள துளையில் வயரைச் செருகினால் தண்ணீர் சுடும் வகையைச் சேர்ந்தது. “கொதிச்சதும் சிவப்பு லைட்டு தானா அணைஞ்சுரும். அதுவரைக்கும் தொறந்து பாக்காதீங்க” என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மாரப்பன் தண்ணீர் ஊற்றினார். நெருப்பு இல்லாத இடத்தில் தமக்கு என்ன வேலை என்று சென்னியப்பனுக்கு முகம் சுருங்கிற்று. கரண்டும் நெருப்புக்குத் தம்பி முறைதான் என்று மற்றவர்கள் சமாதானம் சொல்லிப் பொத்தானை அவர் பங்குக்கு விட்டார்கள். அவர் அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. விடிய விடிய உழைத்த பேட்டரியில் மிச்சம் இருந்த உயிர் அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் விளக்கு அணைந்தது.

“கொதிச்சிருச்சு!” என்று நால்வரும் கைதட்டினார்கள்.

மாரப்பன் மூடியைத் திறக்கச் சொல்லி விரலை விட்டார். விட்ட விரலை வெடுக்கென்று எடுத்தார்.

“சுடுதாடா?”

“இல்லீங்கண்ணா. குளுருது.”

“கொதிச்ச தண்ணி எப்படிடா குளுரும்?”

“லைட்டு அணைஞ்சுதுங்களே. கடைக்காரர் பொய் சொல்லுவாருங்களா?”

“மலைல எல்லாமே குளுருதப்பா,” என்றார் நாச்சிமுத்து. “கொதிச்ச தண்ணி மட்டும் என்ன பண்ணும், பாவம்.”

இது சரியென்றே எல்லோருக்கும் பட்டது. குழந்தைவேலுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. கொதித்துவிட்டது என்பது தமக்குத் தெரியும். வருகிறவருக்குத் தெரிய வேண்டுமே? ஆவி பறக்காத டம்ளரை நீட்டினால் கார் திரும்பிவிடும். பத்தாவது இடமும் போய்விடும். “அண்ணா, ஆவி வர்ற மாதிரி வேற கொதி பாக்கலாமுங்க,” என்று கெஞ்சினார்.

அப்போது மாரப்பனுக்கு ஒன்று நினைவு வந்தது. அடிவாரத்து டீக்கடைக்காரர் பேச்சுவாக்கில், “மேல போகப் போகத் தண்ணி சீக்கிரங் கொதிச்சுருமுங்க” என்று சொல்லியிருந்தார். சென்னியப்பன் தரையில் உட்கார்ந்து குச்சியால் கோடு கிழித்துக் கணக்குப் போட்டார். கீழே இருந்தால் நேரம் அதிகம். மேலே போனால் நேரம் குறைவு. இன்னும் மேலே போனால் இன்னும் குறைவு. அப்படியே போனால் நேரமே இல்லாமல் கொதிக்கும் ஓரிடம் இருந்தாக வேண்டும்.

“அது எவ்வளவு உசரமுங்கண்ணா?”

“ரொம்ப இருக்காது. நாம ஏற்கெனவே மலை மேலதான இருக்கறோம்.”

ஈயக் குண்டானில் தண்ணீர் நிரப்பி வேனின் கூரைமேல் வைத்தார்கள். கொதிக்கவில்லை. தண்ணீர் தம் பங்கு ஆகையால் மாரப்பன் கூரைமேல் ஏறினார். குண்டான் தம் பங்கு ஆகையால் நாச்சிமுத்துவும் ஏறி, அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். மூடியைப் பிடித்தபடி குழந்தைவேலும் ஏறினார். கீழே நின்ற சென்னியப்பன், “இன்னும் ஒரு சாண்! இன்னும் ஒரு சாண் ஏறுனாக் கொதிச்சுரும்!” என்று ஊக்கப்படுத்தினார். நாச்சிமுத்து குதிகாலை உயர்த்தினார். ஒரு பாடத்தில் தண்ணீர் மாரப்பன் தலையில் கொட்டியது என்றும், இன்னொன்றில் குழந்தைவேல் தலையில் என்றும் வருகிறது. எவர் தலையானாலும், “சுடுதா?” என்று சென்னியப்பன் கேட்டதும், “இல்லீங்கண்ணா” என்று விடை வந்ததும் இரண்டிலும் உண்டு.

அந்நேரம் பார்த்துக் குழந்தைவேலின் கைப்பேசி அடித்தது. பூங்கோதை.

“ஏனுங்க, நாங்க கெளம்பிட்டமுங்க. அப்பா முன்சீட்டுல உக்காந்துட்டு வாட்சையே பாக்கறாரு. தண்ணி கொதிச்சுதுங்களா?”

“ஒரு சாண் பாக்கி இருக்குதுங்க.”

“அடுப்பு எங்க வெச்சிருக்கீங்க?”

“அடுப்பு கீழ இருக்குதுங்க. நாங்க வண்டி மேல இருக்கறோம்.”

குரலைத் தாழ்த்தி, “கேஸ் அடுப்புல எழுதி ஒட்டியிருப்பாங்க, அத ஒழுங்காப் படிச்சு அதுப்படி பண்ணுங்க. அது ஆகலீன்னா மூணு கல்லு வெச்சுச் சுள்ளி போடுங்க. நான் என்ன வேற வீட்டுக்கா போறது?” என்றாள் பூங்கோதை. கடைசிச் சொல்லில் அழுகை இருந்தது. குழந்தைவேல் கூரையிலிருந்து குதித்தே இறங்கினார்.

கேஸ் அடுப்பின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சென்னியப்பன் அதை உரக்கப் படித்தார்: “அடுப்பின் அருகில் தீப்பற்றக்கூடிய பொருள் எதுவும் இருக்கலாகாது.”

நால்வரும் சுற்றிலும் பார்த்தார்கள்.

“தீப்பெட்டி!” என்றார் நாச்சிமுத்து. “அடுப்புக்குப் பக்கத்துலயே இருக்குது பாருங்க!”

சென்னியப்பன் பதறிப்போய்த் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு முப்பதடி தள்ளி ஒரு பாறைமேல் வைத்தார். திரும்பி வருவதற்குள் மாரப்பன் அடுத்ததைக் கண்டுபிடித்திருந்தார்.

“அண்ணா, சிலிண்டருக்குள்ள இருக்கறது பத்திக்குமுங்களா?”

“பத்திக்குமே!”

சிலிண்டரைக் கழற்றி, எதிர்த்திசையில் முப்பதடி தூரத்தில் ஒரு மரத்தடியில் வைத்தார்கள். பின்னர்த் தாளையே பார்த்தார் நாச்சிமுத்து. தாளும் தீப்பற்றும். அதைக் கிழித்து மடித்து ஏரிக்கரையில் கல்லுக்கடியில் வைத்தார்கள். இப்போது அடுப்பு தன்னந்தனியே, எந்த அபாயமும் இல்லாமல் நின்றது. அதன்மேல் மறுபடி தண்ணீர் நிரப்பிய குண்டானை ஏற்றிவிட்டு நால்வரும் மரியாதையான தூரத்தில் நின்று காத்தார்கள்.

பத்து நிமிடம் ஆயிற்று.

“பாதுகாப்பா இருக்குது,” என்றார் சென்னியப்பன்.

“ரொம்பப் பாதுகாப்பா இருக்குதுங்கண்ணா. ஆனாச் சூடு வரலீங்களே?” என்றார் குழந்தைவேல்.

“மாப்பிள்ளைக்கு அவசரத்தைப் பாரு!”

மணி ஆறே முக்கால். குழந்தைவேல் பொறுமை இழந்து, மூன்று கல் என்று பூங்கோதை சொன்னதை நினைவூட்டினார். இங்கே ஒரு பெரும் சிக்கல் எழுந்தது. கல் மூன்று; பங்காளிகள் நால்வர். ஆளுக்கொரு கல்லாக நான்கு வந்துவிட்டன. எதை விடுவது?

“என்ற கல்லை விட்டுருங்கண்ணா,” என்றார் குழந்தைவேல்.

“மாப்பிள்ளை கல்லு இல்லாம மாப்பிள்ளைக்கே அடுப்பாடா? நாளைக்கு ஊரு என்ன பேசும்?”

“நாலு வெச்சா?”

“பொண்ணு மூணுன்னுதான சொல்லிச்சு. இன்னும் கண்ணாலமே ஆகலை, அதுக்குள்ள அது பேச்சைத் தட்டறதா?”

கால்மணி நேர ஆலோசனைக்குப் பின் இருதரப்பு மானமும் கெடாத வழி ஒன்று கிடைத்தது. மூன்று கல்லை அடியில் வைத்துக் குண்டானை ஏற்றினார்கள். நான்காவது கல்லைக் குண்டானின் மூடிமேல் வைத்தார்கள். மூடி குழந்தைவேல் பங்கு, கல்லும் அவருடையது. ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை. சென்னியப்பன் சுள்ளியை அடுக்கித் தீப்பெட்டியை எடுத்துவந்து பற்றவைத்தார். சுக்கு, மல்லி, ஒரு வட்டுக் கருப்பட்டி எல்லாவற்றையும் குழந்தைவேல் தம் கையாலேயே தட்டிப் போட்டார்.

அந்தக் கல்லின் பாரத்தால் ஆவி வெளியேறாமல் நின்று, தண்ணீர் நன்றாகவே சூடேறியது. ஏழு இருபதுக்கு மூடி கடகடவென்று ஆடியது.

“கொதி! கொதி வந்துருச்சு!”

“மூடிகிட்டதான் மொகங்காட்டிருக்குது,” என்றார் சென்னியப்பன். “கொதி மாப்பிள்ளை பங்கு. இனி அது அவன் பாடு.”

குழந்தைவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே நேரம் கார் வந்து நின்றது.

தெய்வசிகாமணி இறங்கினார், பின்னால் பூங்கோதை இறங்கினாள். வேன் நிழலில் போட்டிருந்த மடக்கு நாற்காலியில் அவர் உட்கார்ந்து, அடுப்பிருந்த திசையை நோக்கினார்.

“கொதிக்குதா?”

“தளதளன்னு கொதிக்குதுங்க மாமா.”

“அப்படியே கொண்டாங்க. கொதிக்கக் கொதிக்கப் பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை. கொதி நின்னதை நான் தொடவே மாட்டேன். முப்பத்திரண்டு வருசப் பழக்கம்.”

குழந்தைவேல் கல்லோடு மூடியை இறக்கிவைக்க, நாச்சிமுத்து துணி பிடித்துக் குண்டானைத் தூக்கினார். இரண்டடி வைத்தார். குழந்தைவேல் உள்ளே எட்டிப் பார்த்து அலறினார். “நில்லுங்கண்ணா! கொதி நின்னுபோச்சு!”

திரும்ப அடுப்பில் வைத்தார்கள். கொதி வந்தது. தூக்கினார்கள். நின்றது. வேகமாக ஓடிப் பார்த்தார்கள், மூன்றடியில் நின்றது. மெல்ல, தெரியாமல் தூக்கிப் பார்த்தார்கள். ஒன்றரை அடியில் நின்றது.

“நெருப்பை விட்டு வரமாட்டேங்குதே,” என்றார் மாரப்பன். “கட்டிக்கிட்டவளாட்ட.”

தெய்வசிகாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காரைத் திரும்பிப் பார்த்தார். குழந்தைவேல் இதைக் கவனித்தார். ஓடிப்போய் அவர்முன் கைகூப்பினார்.

“மாமா, கொதி உங்ககிட்ட வரமாட்டேன்னு அடம் புடிக்குதுங்க. கோவிச்சுக்காம நீங்க கொதிகிட்ட வந்துருங்க.”

அவர் பதில் சொல்லுமுன் நால்வரும் ஆளுக்கொரு காலாகப் பங்கிட்டு நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்பருகே இறக்கினார்கள். அவர் குனிந்து குண்டானுக்குள் பார்த்தார். கடிகாரத்தைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் முழுதாக எண்ணினார்.

“ம். கொதிச்சுருச்சு,” என்றார்.

பூங்கோதையின் முகம் மலர்ந்தது. குழந்தைவேல் டம்ளரை எடுத்தார்.

“இரு, இரு. இப்படியே குடிச்சா நாக்கு வெந்துரும். ஆத்திக் குடு. சீக்கிரம், எட்டரைக்குத் தங்கச்சி வீட்டுல இருக்கோணும்.”

ஆற்றும் பொறுப்பு யாருடையது என்று ஒரு கணம் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொதி மாப்பிள்ளையுடையது, கொதி போனபின் மிஞ்சுவது வெறும் தண்ணீர், தண்ணீர் மாரப்பனுடையது. மாரப்பன் துணியைச் சுற்றிக் குண்டானைத் தூக்கினார். பாத்திரம் தம் பங்கு என்று நாச்சிமுத்துவும் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். அந்த மலையிலேயே மிகவும் குளிர்ந்த இடம் எதுவோ அங்கே நடந்தார்கள். சுக்குக் காபி முழுவதையும் ஏரியில் ஊற்றினார்கள். குண்டானைக் கவிழ்த்துத் தட்டினார்கள். பிறகு ஊற்றிய அதே இடத்தில் மாரப்பன் டம்ளரை முக்கி எடுத்து, வேட்டியால் அடியைத் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினார்.

“ஆறிருச்சுங்க.”

குழந்தைவேல் கண்ணை மூடிக்கொண்டார். பதினோராவது இடம் என்று ஒன்று இனி இருக்காது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

தெய்வசிகாமணி டம்ளரை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஏனப்பா, குண்டான் முழுக்கவுமா ஏரியில ஊத்துனீங்க?”

“ஒரு சொட்டு வெக்கலீங்க,” என்றார் மாரப்பன் பெருமையோடு.

அவர் வெகுநேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன, ஏதோ கணக்கு நடந்தது.

“கெணத்துல ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடர் போட்டா,” என்றார் மெதுவாக, “கெணத்துத் தண்ணி பூராவும் சுத்தமாயிருது. நானே போட்டிருக்கறேன். அப்ப ஏரியில ஒரு குண்டான் கொதிச்ச தண்ணிய ஊத்துனா?”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

“முப்பத்திரண்டு வருசம். எத்தனை ஊரு, எத்தனை கூட்டம், தொண்டை வத்தக் கத்தியிருப்பேன். கேட்டவங்கெல்லாம் அவங்கவங்க வீட்டுல ஒரு சொம்பு, ரெண்டு சொம்புதான் கொதிக்க வெச்சாங்க. ஏரியவே கொதிக்க வெச்சுக் குடுத்தது நீங்கதானப்பா!” டம்ளரை ஒரே மடக்கில் குடித்து முடித்து, நாக்கைச் சப்புக்கொட்டினார். “சுக்கு ஒரு பொட்டுக் கம்மி. இருந்தாலும் பரவாயில்லை. ஏனம்மா பூங்கோதை, நீ என்ன சொல்றே?”

பூங்கோதை குழந்தைவேலைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். “நம்ம வீட்டுல இருக்கற மாதிரியே இருக்குதுங்கப்பா.”

“அப்பக் குடுத்தாச்சு,” என்றார் தெய்வசிகாமணி. ஐப்பசியில் கல்யாணம் என்று அங்கேயே பேசி முடிந்தது. ஐப்பசி அல்ல, தை என்று கூறும் பாடமும் உண்டு. மாப்பிள்ளை அழுதார் என்பதில் மாற்றமில்லை.

காரில் ஏறப்போனவர் படியில் கால் வைத்தபின் நின்றார். இத்தனை பெரிய காரியம் நடந்திருப்பது பொதுமக்களுக்குத் தெரியாமல் போவது முறையா என்று அவருக்குத் தோன்றியது. அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவரச் சொன்னார். கரி, நெருப்பின் சந்ததி என்பதால் சென்னியப்பனே எடுத்துக்கொடுத்தார். கரையோரத்துப் பெரும்பாறையில், அலுவலகக் கையெழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, தேதியிட்டு, தம் முழுப் பெயரில் ஒப்பமிட்டு அவர் எழுதியது வருமாறு:

“பொது அறிவிப்பு. இவ்வேரியின் நீர் முழுவதும் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆற்றப்பட்டது. மக்கள் அச்சமின்றிப் பருகலாம். கருப்பட்டி கலந்திருப்பதால் சர்க்கரை நோய் உள்ளோர் மட்டும் குளிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.”